அசையாக் கல்

உப்பளங்கள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வடிவாம்பாள் அம்மையாரின் குடில் இருந்தது. அம்மையார் பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பித்தவர். பணியை விட்டு வந்த பிறகும் வகுப்பறைத் தமிழை விடாதவர். கேள்வியோடு வருவோருக்கு விடை தருவார். கேள்வி இல்லாமல் வருவோருக்கு மோர் தருவார்.

அவரிடம் வருவோரில் வயதில் மூத்தவர் தணிகாசலம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையாரைவிட மிகவும் பெரியவர். ஆனாலும் அவர் முன்னால் பாயின் ஓரத்தில்தான் உட்காருவார்.

யாரையும் நம்பாதவர் என்று ஊரில் தணிகாசலத்துக்குப் பெயர். கம்பியில் மின்சாரம் இல்லை என்று பொறியாளரே சொன்னாலும், இரண்டு வயர் கோத்த தம்முடைய டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்க்காமல் அவர் கை நீட்டியதில்லை. அந்தப் பெயரில் அவருக்குப் பெருமை உண்டு.

திருக்கார்த்திகைக்கு முந்தைய நாள் காலையில் அவர் குடிலுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"முதலில் கேளுங்கள். கோபத்தைப் பிறகு முடிவு செய்வோம்."

"எம் பொண்ணுகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளை அந்தக் கல்லின்மேல் ஏற வேண்டாம் என்றேன்."

"ஏன்னு சொன்னீங்களா?"

"சொல்லவில்லை."

தணிகாசலம் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை.

"ஊர்ல ஒரு பேச்சு இருக்கும்மா. மடத்துக்குக் கூட்டம் நெரியுது. இங்க விரிச்ச பாய் விரிச்சபடி கெடக்குது. அதனால அம்மாவுக்கு வயித்தெரிச்சல்னு சொல்றாங்க."

"உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

அம்மையார் முகம் மாறவில்லை.

"நன்று. உட்காருங்கள்."

மடம் வந்தது அந்த ஆண்டின் பங்குனி மாதத்தில். நிலையானந்த சுவாமி என்பவர் ஊரின் மேற்கே அதை எழுப்பினார். நடுக்கூடத்தில் பட்டுத் துணி விரித்து ஒரு கல்லை வைத்தார். ஒருவர் இரு பாதங்களையும் ஊன்றி நிற்கும் அளவு அகலம்; கண்ணாடி போன்ற தெளிவு. வடக்கே ஒரு சுரங்கத்திலிருந்து வந்தது என்றார்கள். அதற்கு அசையாக் கல் என்று பெயர் வைத்தார் சுவாமி. அசையாத மனத்தை எந்தச் சக்தியும் ஊடுருவாது, இந்தக் கல்லையும் மின்சாரம் ஊடுருவாது என்பது அவருடைய போதனை.

சித்திரை மாதம், ஊர் கூடியிருந்தபோது சுவாமி கேட்டார்: "இந்த ஊரில் யாரையும் நம்பாதவர் யார்?"

எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, பையிலிருந்து லாம்பை எடுத்து, கல்லைச் சோதித்தார். விளக்கு எரியவில்லை. "இந்தக் கல்லுல கரண்டு பாயாது" என்று அறிவித்தார். ஊர் கை தட்டியது. சுவாமி தம் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

அந்தக் கூட்டத்தில் அவருடைய மகள் சௌந்தரவல்லி இருந்தாள். அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவள். அதுவரை மடத்தின் பக்கம் போகாதவள். அப்பாவே நம்பிவிட்டார் என்றால் இனிச் சந்தேகிக்க என்ன இருக்கிறது என்று அன்றிலிருந்து போகத் தொடங்கினாள். இப்போது கார்த்திகை மாலையில், கல்லுக்கு முதன்முதலாக அபிஷேகம் ஆனதும், அதன்மேல் வெறுங்காலுடன் நின்று மின்சாரம் ஓடும் கம்பியைக் கையில் பிடிக்க அவளே முன்வந்திருந்தாள்.

தணிகாசலம் உட்கார்ந்தார்.

"எப்படிச் சோதித்தீர்கள்?" என்றார் அம்மையார்.

"எங்க வழக்கப்படிதான். ஒரு பக்கம் கரண்டு, மறு பக்கம் லாம்பு, நடுவுல கல்லு. எரியல. பொரட்டிப் போட்டு வெச்சேன். எரியல. எல்லாப் பக்கமும் வெச்சுப் பாத்துட்டேன்."

"கல் உலர்ந்திருந்ததா?"

"சித்திரை வெயில்ல எது ஈரமா இருக்கும்?"

"நாளை அபிஷேகம் உண்டே."

"தொடச்சிடுவாங்க. அப்படியே கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் என்ன? கம்பத்து மேல இருக்கற பீங்கான் மழையில நனையலியா? அதுக்காகக் கரண்டு கம்பத்துல எறங்கிடுதா?"

"பீங்கான் நனைகிறது. கரைவதில்லை."

"கல்லு மட்டும் கரையுமா?"

"தெரியாது. ஐப்பசியில் மடத்துக்குப் போயிருந்தேன். கல்லின் அடியில் விரித்திருந்த பட்டு ஈரமாக இருந்தது. கூரை ஒழுகவில்லை. யாரும் நீர் ஊற்றவும் இல்லை."

"மழைக்காலத்துல எல்லாத் துணியும் நமுத்துத்தான் கெடக்கும்."

"அருகில் தொங்கிய திரை உலர்ந்திருந்தது."

"ஒரு துணியைப் பாத்துட்டா எம் பொண்ணைத் தடுக்கறீங்க?"

"ஆம்."

"அந்தத் துணி சமாச்சாரத்தை அவகிட்டயே சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள். நீங்களே இப்போது சொன்னீர்கள். அவள் நிற்கப்போவது உங்கள் சொல்லின்மேல். அதை நீங்கள்தான் மாற்ற முடியும்."

"மாத்த மாட்டேன். என் லாம்பு பொய் சொல்லாது."

"சொல்லாது" என்று ஒப்புக்கொண்டு அம்மையார் எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஸ்கூட்டர் பாட்டரியும் அதற்கேற்ற சிறு பல்பும் எஃகுக் கம்பிகளும் இருந்தன. உருக்கப் பயன்படும் பீங்கான் மூசை ஒன்றை எரிவாயு அடுப்பின்மேல் வைத்தார். பொட்டலத்தைப் பிரித்து, வெண்மையான பொடியை அதில் கொட்டினார்.

"இது என்னம்மா?"

"வெடியுப்பு."

"சமையல் உப்பை வெச்சுக் காட்டக் கூடாதா?"

"அதை உருக்க இந்த அடுப்பின் சூடு போதாது. இதுவும் அந்த இனம்தான்."

"கொஞ்சம் தள்ளுங்கம்மா."

அம்மையார் தள்ளி நின்றார். தணிகாசலம் பாட்டரியைத் தூக்கி அடியில் பார்த்தார். பல்பைக் கழற்றி ஆட்டிக் காதில் வைத்துக் கேட்டார். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். மேசை விரிப்பைக்கூட உதறினார்.

"விரிப்புக்குள் என்ன தேடுகிறீர்கள்?"

"தெரிஞ்சா ஏன் தேடறேன்? வயரை நானே மாட்டறேன்."

"மாட்டுங்கள்."

மாட்டினார். இரு எஃகுக் கம்பிகளை ஒன்றோடொன்று தொட வைத்தார், பல்பு எரிந்தது. பிறகு ஒன்றையொன்று தொடாமல் பொடிக்குள் நட்டார். எரியவில்லை.

அம்மையார் அடுப்பைப் பற்ற வைத்தார். இருவரும் காத்திருந்தார்கள். பொடியின் ஓரம் முதலில் நெகிழ்ந்தது. பிறகு முழுவதும் தெளிந்த நீர்போல ஆனது. பல்பு எரிந்தது.

தணிகாசலம் பல்பையும் மூசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தல."

"ஊற்றவில்லை."

"இது நெருப்பு செய்யற வேலையா இருக்கும். சூடானா எதுவும் கரண்டைக் கடத்துமோ என்னமோ."

"நல்ல சந்தேகம். எதை வைத்துப் பார்ப்பீர்கள்?"

அவர் குடிலைச் சுற்றிப் பார்த்தார். மாடத்திலிருந்த மெழுகுவத்தியை எடுத்து ஒடித்து, வேறொரு பீங்கான் கிண்ணத்தில் போட்டுப் பக்கத்து அடுப்பில் உருக்கினார். வேறு கம்பிகளைப் பல்போடு இணைத்து அதில் நனைத்தார். மெழுகு நன்றாக உருகிக் கிடந்தது. பல்பு எரியவில்லை.

"அதுவும் உருகித்தானே இருக்கு" என்றார், யாரையோ குற்றம் சொல்வதுபோல.

அம்மையார் இரண்டு அடுப்பையும் அணைத்தார். பழைய கம்பிகளை மீண்டும் பல்போடு இணைக்கச் சொன்னார். மூசையில் இருந்தது இன்னும் நீராகத்தான் இருந்தது, பல்பு எரிந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஓரங்களில் வெண்மை படர்ந்தது. வெண்மை நடுவை நோக்கி நகர நகர வெளிச்சம் சிவந்தது, மெலிந்தது. எல்லாம் கல்லாக இறுகியபோது அணைந்தது.

"பல்பு போயிடுச்சு."

"பாருங்கள்."

தணிகாசலம் தம் சாவியை எடுத்து இரு கம்பிகளின் குறுக்கே வைத்தார். பல்பு எரிந்தது. எடுத்தார். அணைந்தது. மறுபடியும் வைத்தார்.

அம்மையார் ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீர் எடுத்து வந்து, அதில் வேறு கம்பிகளை வைத்தார். எரியவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்த வெடியுப்பை அதில் கொட்டிக் கலக்கினார். எரிந்தது.

தணிகாசலம் குனிந்து தம்ளருக்குள் பார்த்தார்.

"எங்கேருந்தும்மா வந்துச்சு அது?"

"எது?"

"கரண்டைத் தூக்கிட்டுப் போறது."

"வரவில்லை. இருந்தது."

"கட்டியா இருந்தப்பவுமா?"

"அப்போதும்."

"அப்ப ஏன் எரியல?"

"ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நகர வழியில்லை."

"தண்ணி என்ன செஞ்சுது?"

"பிடியை விடுவித்தது."

"நெருப்பு?"

"அதையேதான் செய்தது."

"மெழுகுல?"

"அங்கே விடுவிக்க ஒன்றுமில்லை."

தணிகாசலம் மூசையைத் தொடப் போனார். சூடு என்று அம்மையார் கையைத் தட்டிவிட்டார்.

"ஒன்று கேட்கிறேன்" என்றார் அம்மையார். "கடலோரக் கம்பங்களில் பீங்கானைக் கழுவுவீர்களே, எதற்கு?"

"உப்புக் காத்து வந்து படிஞ்சிடும்மா. கழுவலன்னா பொறி பறக்கும்."

"எப்போதும் பறக்குமா?"

"பகல்ல ஒண்ணும் ஆகாது. பனி எறங்கினாத்தான்." சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "அந்தக் கல்லு உப்புன்னு சொல்றீங்களா?"

"சொல்லவில்லை."

"உப்புன்னா எங்க ஊர்க்காரனுக்குத் தெரியாதா? பொறந்ததிலேர்ந்து உப்புப் பாத்தியில கால் வெச்சவன் அவன். எங்க உப்பு மிளகு அளவுக்கு வெளையும். இது பாளம்மா! கண்ணாடிப் பாளம்!"

"இருக்கலாம்."

"அப்ப அது என்னன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது. நான் அதைச் சோதிக்கவில்லை."

"அப்ப எதுக்கு இந்த அடுப்பும் மூசையும்?"

"நீங்கள் சோதித்தீர்கள். ஒரு நிலையில்."

"மழுப்பறீங்கம்மா" என்று சொல்லி அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "கல்லைப் பத்திக் கேட்டா உப்பைப் பத்திச் சொல்றீங்க. இதுல ஏதோ இருக்கு" என்றார்.

"இருக்கிறது" என்றார் அம்மையார்.

அம்மையார்மீது கொண்டுவந்த சந்தேகத்தை அவர் அப்படியே திருப்பி எடுத்துப்போனார். கல்லின்மீது புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

வீட்டில் சௌந்தரவல்லி நாளைக்கு உடுத்தும் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அபிஷேகம் ஆனதும் கல்லைத் தொடச்சிடுவாங்கல்ல?" என்றார் தணிகாசலம்.

"அந்தம்மாகிட்டப் போனீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"தொடைப்பாங்க, தொடைக்காம இருப்பாங்க. எனக்கென்ன தெரியும்?"

"நாளைக்கு வேணாமேம்மா. இன்னொரு வாட்டி வெச்சுப் பாத்துடறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் சேலையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, அன்னைக்கு எத்தனை பேர் முன்னால சொன்னீங்க! மாலை போட்டுக்கிட்டுத் தெரு முழுக்க நடந்து வந்தீங்க. என்னைப் போகச் சொன்னதே உங்க லாம்புதான். இப்ப அந்தம்மா ஏதோ ஓதிவிட்டாங்கன்னதும் மாத்திப் பேசறீங்க. சாமி பேரு பெருசாகுதுன்னு அவங்களுக்குப் பொறாமை. நான் மேல ஏறுறேன்னு உங்களுக்கும் பொறாமையா?"

தணிகாசலம் பழைய ரப்பர் விரிப்பைத் தேடி எடுத்து, லாம்போடு பையில் வைத்தார்.

மறுநாள் மாலை தூறல் நின்றிருந்தது. மடத்தின் கூடத்தில் ஈரக்காற்று நிறைந்திருந்தது. சுவர்களில் வேர்வைபோல நீர் கோத்திருந்தது. அகல்கள் வரிசையாக எரிந்தன. கல்லுக்கு மேலே, உத்தரத்திலிருந்து ஒரு கம்பி தொங்கியது. அதன் முனையில் உறை உரித்திருந்தது. சுவரில் அதற்கான சுவிட்சு இருந்தது. பக்கத்தில் மடத்தின் ஆள் ஒருவர் நின்றார்.

தணிகாசலம் முதலில் சுவிட்சைப் பார்த்தார். அணைந்திருந்தது. அப்புறம் ஆளைப் பார்த்தார். பழக்கமில்லாத முகம். அப்புறம்தான் மகளைப் பார்த்தார். அவள் கல்லுக்கு அருகில் கண்ணை மூடி நின்றாள்.

குடம் குடமாக மஞ்சள் நீர் ஊற்றினார்கள். கல்லில் வழிந்த நீரைக் கீழே அண்டாவில் பிடித்தார்கள். கூடத்துத் தரை முழுதும் நனைந்தது. கல்லைத் துடைக்க யாராவது வருவார்களா என்று தணிகாசலம் கழுத்தை நீட்டினார். யாரும் வரவில்லை.

"தொடைக்கலியா?" என்று உரக்கக் கேட்டார்.

"தீர்த்தம்யா அது!" என்றான் தொண்டன் ஒருவன். "துணியால துடைச்சா தோஷம்."

சுவாமி கையசைத்தார். சௌந்தரவல்லி ஈரக்கல்லின்மேல் ஏறி நின்றாள்.

கம்பியைப் பிடிப்பதற்கான சங்கு ஊதும் முன் எல்லோருக்கும் தீர்த்தம் கொடுப்பது முறை. அண்டாவிலிருந்து மொண்டு, வரிசையாக உள்ளங்கைகளில் விட்டுக்கொண்டு வந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உப்பளத்துப் பெண்கள் முதலில் குடித்தார்கள்.

"ஐய, என்னடி இது, கரிக்குது?"

"எனக்கும்டி. பாத்தித் தண்ணி மாதிரி இருக்கு."

"வாயை மூடுங்கடி. தீர்த்தத்தைப் போய்..."

"நீ குடிச்சுப் பாரேன்!"

பேச்சு பின்வரிசைகளுக்குப் பரவியது. சுவாமி எழுந்தார். அவர் முகத்தில் உண்மையான வியப்பு இருந்தது. தாமும் ஒரு துளி எடுத்து நாவில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடினார்.

"சமுத்திரராஜனே அபிஷேகத்துக்கு வந்திருக்கிறார்!" என்றார்.

கூட்டம் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியது. உப்பளத்துப் பெண்களும் தூக்கினார்கள்.

தணிகாசலம் தம் உள்ளங்கையைப் பார்த்தார். நாக்கு நுனியால் தொட்டார். ஒருமுறை தொட்டதே போதுமாக இருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களின் தோள்களை மிதிக்காத குறையாக முன்னால் போனார்.

"சுவிட்சுல கை வெக்காத!" என்று அந்த ஆளைப் பார்த்துக் கத்தினார். "சாமி, இன்னொரு தடவை சோதிக்கணும்."

"அந்தம்மா அனுப்பின ஆளு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாலை வாங்கினப்ப இனிச்சுது, இப்பக் கசக்குதோ!"

"வெளியேத்துங்கய்யா அந்தாளை!"

சௌந்தரவல்லி கண்ணைத் திறந்தாள். "அப்பா, மானத்தை வாங்காதீங்க. போய் உக்காருங்க."

"நீ முதல்ல எறங்கு."

"மாட்டேன்."

சுவாமி கூட்டத்தை அமர்த்தினார். அவர் குரலில் கோபம் இல்லை.

"இறங்கு மகளே. சித்திரையில் சோதித்தவர் அவர். இன்றும் அவரே சோதிக்கட்டும். கல் மாறாது."

அவள் இறங்கினாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் போய் நின்றாள். தணிகாசலம் தாம் கொண்டுவந்த ரப்பர் விரிப்பை ஈரத்தரையில் போட்டு அதன்மேல் நின்றார். லாம்பின் ஒரு வயரைத் தொங்கும் கம்பியோடு முறுக்கினார். மறு வயரைக் கல்லின் ஈரத்தில் வைத்து, கையை எடுத்துக்கொண்டார்.

"இப்பப் போடு."

சுவிட்சு சொடுக்கும் ஓசை கேட்டது.

விளக்கு எரிந்தது.

முதலில் செம்மையாக, பிறகு மஞ்சளாக. கல்லின்மேல் வயர் தொட்ட இடத்தில் நீர் குமிழியிட்டது.

"அணை" என்றார். அணைத்தார்கள்.

சுவாமி கல்லருகே வந்து நின்றார். தொடவில்லை. "ஸ்படிகம் என்றுதான் விற்றான்" என்று மெல்லச் சொன்னார். அவர் அதைத் தமக்கே சொல்லிக்கொண்டாரா, பிறர் கேட்கச் சொன்னாரா என்று யாராலும் பிரித்தறிய முடியவில்லை.

சௌந்தரவல்லி அணைந்த விளக்கைப் பார்த்தாள். தான் நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை.

"அன்னைக்கு ஏன் எரியல?" என்றாள்.

"அன்னைக்குக் காஞ்சிருந்துச்சும்மா."

"அன்னைக்கு எரிய விடலியா? இன்னைக்கு எரிய வெச்சீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். கூட்டமே அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பதைப் பார்த்தார். அவள் காத்திருக்கவில்லை, ஈரக்காலோடு வெளியே நடந்துவிட்டாள்.

மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு காலையில் தணிகாசலம் மீண்டும் குடிலுக்கு வந்தார். சொல்லாமலே உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு உசுரோட இருக்காம்மா."

"கேள்விப்பட்டேன்."

"ஊரு ரெண்டா நிக்குது. சித்திரையில மடத்துக்கு ஒத்து ஊதினேன்னு ஒரு பக்கம். கார்த்திகையில உங்க பேச்சைக் கேட்டு லாம்புல என்னமோ பண்ணேன்னு ஒரு பக்கம். கல்லைத் துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க. சாமி யார்கிட்டயும் பேசறதில்ல."

அம்மையார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சோதனையும் உண்மைதானேம்மா?"

"இரண்டும் உண்மை."

"அப்ப நான் எங்க பொய் சொன்னேன்?"

"காய்ந்திருக்கும்வரை என்று சித்திரையில் சொன்னீர்களா?"

"இல்ல."

"தோன்றவில்லையா?"

தணிகாசலம் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வெளியே உப்பளத்துக்கு ஆட்கள் போகும் பேச்சுச் சத்தம் கேட்டது, ஓய்ந்தது.

"தோணிச்சு. கம்பத்துல எத்தனை மழைக்காலம் பாத்தவன் நான். தோணாம இருக்குமா? ஆனா அதைச் சேத்துச் சொல்லியிருந்தா யாரும் கை தட்டியிருக்க மாட்டாங்க."

அம்மையார் பிய்ந்த கோரையைப் பொறுக்கி எடுத்து வெளியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவ பழையபடி என்னை நம்பணும்மா. அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"இப்போது எப்படி இருக்கிறாள்?"

"அதையேன் கேக்கறீங்க! கதவைப் பூட்டிட்டேன்னா எந்திரிச்சுப் போய் இழுத்துப் பாக்கறா. பால் காஞ்சிடுச்சுன்னா மூடியைத் தொறக்கறா. என் லாம்பையே கழட்டிப் பாத்துட்டா. அன்னைக்குப் பூரா மேசையில விரிச்சு வெச்சிருந்தா. அதுல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்ச பின்னாடியும் மன்னிப்புக் கேக்கல. 'இதுல ஒண்ணுமில்ல, சரி, உங்க கையில?'ங்கறா. சாமியையும் நம்பறதில்ல. இதோ, உங்களையும் நம்பறதில்ல."

"என்னைப் பற்றி என்ன சொன்னாள்?"

"அது வேணாம்மா. அடக்கமில்லாத பேச்சு."

"சொல்லுங்கள்."

"'அந்தம்மா துணி நனைஞ்சதை வெச்சுத்தானே சொன்னாங்க? துணி வேற எதனாலயும் நனைஞ்சிருக்கலாமே. அவங்க சொன்னது பலிச்சுதுங்கறதுக்காக அவங்க யோசிச்சது சரின்னு ஆயிடுமா?'ங்கறா."

அம்மையார் நிமிர்ந்தார்.

"இதே சொற்களிலா?"

"இதேதாம்மா. மன்னிச்சுக்குங்க."

"வரும் பௌர்ணமிக்கு அவளை இங்கே அனுப்புங்கள்."

"திட்டறதுக்கா?"

"இல்லை."

"கூப்பிட்டாலும் வரமாட்டாம்மா. வந்தாலும் நீங்க சொல்ற ஒண்ணையும் ஒத்துக்க மாட்டா. பக்கத்துல உக்காந்து நோண்டி நோண்டிக் கேப்பா. அவளை வெச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?"

"கற்பிப்பேன்" என்றார் அம்மையார். "இந்தக் குடிலுக்கு இன்னும் ஒரு மாணவர்கூட வரவில்லை."